சுத்தமான தண்ணி

“அரைக்கை வேணாம். முழுக்கை எடுத்தா” என்று சொல்லிவிட்டு, அருள்சாமி மகனின் இடது கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துச் சோப்புப் போட்டார்.

லாரன்ஸ் கையில் புதுச் சட்டையோடு நின்றான். செஞ்சி பஜாரில் கடை திறக்கிற வரைக்கும் காத்திருந்து வாங்கி வந்த வெள்ளை அரைக்கைச் சட்டை. உள்ளே வைத்த அட்டையைக்கூட இன்னும் உருவவில்லை.

“இன்னா சித்தப்பா, பொட்டிக்குள்ள போறவனுக்கு முழுக்க இன்னா, அரைக்க இன்னா?”

“உனுக்கு இன்னா போவுது? எடுத்தாடான்னா எடுத்தா.”

“ஊருக்கே தெரிஞ்சி போச்சு. மறைச்சி இன்னா ஆவப்போவுது?”

மகன் பெலிக்ஸின் முழங்கை மடிப்பில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். நரம்பு கயிறு மாதிரி தடித்துக் கிடந்தது. அருள்சாமி அந்த இடத்தை விட்டுவிட்டு மேலும் கீழும் தேய்த்தார். பிறகு மனசு கேட்காமல் அங்கேயும் விரலை வைத்தார். வலிக்கப் போகிறவனுக்குத் தடவுகிற மாதிரிதான் தடவினார்.

பின்பக்கம் ஓலைத் தட்டி மறைத்து, பெஞ்சின்மேல் பிணத்தைக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்ட வரவேண்டிய பங்காளிகள் இரண்டு பேர் தட்டி வரைக்கும் வந்தார்கள். ஒருத்தன், கைக்கு உறை ஏதும் கிடைக்குமா என்று கேட்டான். அவனுக்கு அந்த நோயாம் என்று பொழுது ஏறுவதற்குள் தெருவெல்லாம் பேச்சாகியிருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்து, அது இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அருள்சாமி அதை யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை. இருந்தால்தான் என்ன, பெற்றவன் கழுவ மாட்டானா? “போங்கடா, போயி டீ குடிங்க” என்று இரண்டு பேரையும் விரட்டிவிட்டுத் தானே சொம்பை எடுத்துக்கொண்டார்.

லாரன்ஸ் பீரோவிலிருந்து நீலத்தில் கோடு போட்ட முழுக்கைச் சட்டையைக் கொண்டுவந்தான். சித்தப்பனும் அண்ணன் மகனுமாகப் போட்டுவிட்டார்கள். விறைத்த கையை நுழைக்கப் படாத பாடு பட்டார்கள். மணிக்கட்டுப் பொத்தானை அருள்சாமி கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் போட்டார்.

கூடத்தில் பெலிக்ஸைக் கொண்டுவந்து வைத்ததும் பொம்பளைகள் அழுகையை ஏற்றினார்கள். தலைமாட்டில் மெழுகுவத்தி. விரலில் ஜெபமாலை. பக்கத்தில் ஸ்டூலின்மேல் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் தீர்த்தத் தண்ணீர், ஒரு கொத்துக் கொய்யாத் தழை. வருகிறவர்கள் தழையைத் தண்ணீரில் தோய்த்து, பிணத்தின்மேல் சிலுவையாகத் தெளித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள்.

கிண்ணம் வற்ற வற்றப் பெற்றவள் ராயம்மாள் பாட்டிலிலிருந்து ஊற்றினாள். மாதா சொரூபம் போலவே செய்த பிளாஸ்டிக் பாட்டில். மாதாவின் நீலக் கிரீடம்தான் அதற்கு மூடி. எப்போதோ வேளாங்கண்ணிக்குப் போனபோது வாங்கிவந்தது. அவள் அதைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

“பாவத்துல செத்தவன்னு பேசறாங்களாமே. பேசட்டும்” என்றாள், பக்கத்தில் இருந்த மீனம்பாளிடம். மீனம்பாள் எதிர்வீட்டுக்காரி. வேறு சாமி கும்பிடுகிறவள் என்றாலும் இந்த வீட்டுச் சாவு வாழ்வுக்கெல்லாம் முதலில் வந்து உட்காருகிறவள். “எந்தப் புள்ள கேக்கும் சொல்லு? ‘எம்மா, அந்த மாதா பாட்டில என் ரூமுல வச்சிக்கறம்மா’ன்னு அவனே கேட்டு வாங்கிக்கினான். நெஞ்சுல கை வச்சிச் சொல்றேன், நான் குடுக்கல, அவனே கேட்டான். சாவறதுக்கு முன்னாடி என் புள்ள மாதாகிட்ட வந்துட்டான்.”

“வந்துட்டான்க்கா. அதுல இன்னா சந்தேகம்” என்றாள் மீனம்பாள்.

“அது போதும் எனக்கு. வேற ஒண்ணும் வேணாம்.”

அருள்சாமி வாசல் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவள் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வருகிற ஒவ்வொருத்தியிடமும் புதிதாகச் சொன்னாள். சொல்லட்டும். அவருக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

எதையும் நம்பாத ஆள் அவர். பேங்கை நம்பமாட்டார், கட்சிக்காரனை நம்பமாட்டார், மாத்திரைக் கடைக்காரனை நம்பமாட்டார். வேன்காரன் கேனில் கொண்டுவந்து விற்கிற தண்ணீரைக்கூட வாயில் வைக்கமாட்டார். “எந்தக் குட்டையில மொண்டானோ” என்பார். சுற்றுப்பட்டு ஊர்களிலெல்லாம் கிணற்றில் மோட்டார் இறக்குவதும் ஏற்றுவதுமாக வயசைக் கழித்தவர். படிப்பு கிடையாது. பள்ளிக்கூடத்தில் போட்ட அன்றைக்கே ஓடிவந்தவர். மகன் விஷயத்தில் மட்டும் ரொம்ப நாள் நம்பினார். வெல்டிங் வேலைக்குப் போகிறேன் என்றான், நம்பினார். மோட்டார் ஒயரைத் திருடன் கொண்டுபோனான் என்றான், அதையும் நம்பினார். ஒருநாள் அவன் சட்டைக்கையை மடக்கிவிட்டுப் பார்த்தார். அதோடு நின்றது.

வலிக்குக் கொடுக்கிற மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அடித்தார். கதவைச் சாத்தி வைத்தார். அவன் காலில் விழுந்தான், விட்டுவிட்டேன் என்றான். பெரிய குருசுமேல் சத்தியம் பண்ணினான்.

போன மாதம் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. குளிரில் கட்டில் ஆடியது. “வேலைக்குப் போவ வணங்கல, அதான் காய்ச்சல்” என்று அருள்சாமி சொன்னார். கடையில் கேட்டு வாங்கின மாத்திரையில் இறங்கியது, திரும்ப ஏறியது. ஊசி விஷயத்தை எந்த டாக்டரிடமும் சொல்லக்கூடாது என்று வீட்டில் மூன்று பேரும் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒரே முடிவில் இருந்தார்கள். மானம் போய்விடும். மூச்சு வாங்க ஆரம்பித்து, நாலு எட்டு நடக்க முடியாமல் போனபிறகுதான் விழுப்புரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. கோபமில்லாமல் பேசினாள்.

“பெரியவரே, இதயத்துக்குள்ள வால்வு இருக்குது. ரத்தத்துல போன கிருமி அதுல ஒட்டிக்கிட்டு, கொத்துக் கொத்தா வளர்ந்திருக்கு.”

வால்வு என்றதும் அருள்சாமிக்கு விளங்கிவிட்டது. கிணற்றின் அடியில் குழாய் முனையில் கிடக்கிற புட்வால்வை மேலே ஏற்றிப் பார்த்தால் பாசி கட்டி, மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். அதுபோல.

“வால்வுதானேம்மா. மாத்திப் போட்டுடுங்க.”

“இப்ப இருக்கற நெலமையில உடம்பு தாங்காது. நுரையீரலுக்கும் சிதறியிருக்கு. காய்ச்சல் வந்தப்பவே ஊசி விஷயத்தச் சொல்லியிருந்தா வாரக்கணக்குல மருந்து ஏத்திக் காப்பாத்தப் பாத்திருக்கலாம்” என்றாள். பிறகு பெலிக்ஸிடம் குனிந்தாள். “தம்பி, மாத்திரைய எந்தத் தண்ணில கரைச்ச? இது தேங்கின தண்ணியில, டேங்க்ல, பைப்ல இருக்கற கிருமி.”

மூக்கில் மாட்டியிருந்ததை நகர்த்திவிட்டு அவன் சொன்னான். “சுத்தமான தண்ணிதான் டாக்டர்.”

“பொய்யி டாக்டரம்மா” என்றார் அருள்சாமி. “வாயத் தொறந்தா பொய்யிதான் வரும் இவனுக்கு. எந்தச் சாக்கடையில மொண்டானோ.”

“பொய் சொல்லல நைனா.”

“நீ எப்படா பொய் சொல்லாம இருந்த?”

பெலிக்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்கப்புறம் அவன் அம்மாவிடம் பேசினான், அக்கா ரீட்டாவிடம் போனில் பேசினான். நைனாவிடம் பேசவில்லை. இன்றைக்கு விடியற்காலையில் போய்விட்டான்.

தெருக்கோடியில் சிண்டெக்ஸ் டேங்குக்குப் பின்னால் ஒருத்தன் நிற்பதும் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தான். அருள்சாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வளவன். பெலிக்ஸோடு ஒன்றாகச் சுற்றியவன். இரண்டு பேரும் கோட்டைக்குப் பின்னால் பாறைச் சந்தில் கிடந்ததை ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அருள்சாமி நாற்காலியை விட்டு எழுந்தார். செருப்பைக்கூட மாட்டவில்லை.

ஓடுவான் என்று நினைத்தார். ஓடவில்லை. சட்டைக் காலரைப் பிடித்தபோதும் கையைத் தூக்கவில்லை.

“பாக்க வந்தியாடா? இன்னும் பாக்கி இருக்குதா, உயிர் போச்சா இல்லையான்னு பாக்க வந்தியா?”

“அடிச்சிக்குங்க பெரீப்பா.”

“எந்தச் சாக்கடைத் தண்ணியடா ஏத்துன அவனுக்கு?”

“நான் ஏத்தல பெரீப்பா. எங்கம்மா மேல சத்தியமா. ஊசியெல்லாம் புதுசுதான். நோவு தொத்தாம இருக்கப் புது ஊசி குடுக்கற சங்கத்துலேர்ந்து ரஞ்சிதம் அக்கான்னு ஒருத்தவங்க வருவாங்க, ஊசி குடுத்துட்டு, வுட்டுடுங்கடா வுட்டுடுங்கடான்னு புத்தி சொல்லிட்டுப் போவாங்க. வுட முடியலன்னா தண்ணியாச்சும் காய்ச்சின தண்ணியா பாத்துக்குங்கடான்னு சொல்வாங்க. நான் கடையில சின்ன பாட்டிலு வாங்கிப்பேன். அவன்தான் வேணாண்டான்னுட்டான்.”

“இன்னாத்துக்கு?”

“அவங்கிட்ட மாதா தண்ணி இருக்குதுன்னான். மந்திரிச்ச தண்ணியாம். எத்தினி வருசமானாலும் புழு வைக்காது, கெட்டே போவாதுன்னான். சின்ன டப்பாவுல ஊத்தி எடுத்தாருவான். காய்ச்சிக்கடான்னேன். மாதா தண்ணிய அடுப்புல வைக்கறது பாவண்டான்னான்.”

அருள்சாமி காலரை விட்டார்.

“நீயும் அதத்தான் போட்டுக்கினியா?”

“கேட்டேன் பெரீப்பா. குடுக்கல. நீ நம்பாதவன், உனுக்குக் குடுத்தா மாதா கோச்சிக்கும்னு சொல்லிட்டான்.” வளவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “சண்டகூடப் போட்டேன் அன்னிக்கு.”

அருள்சாமி டேங்கைப் பார்த்தார். அடியில் பச்சையாகக் கசிந்து வழிந்திருந்தது. அதைக் கழுவி எவ்வளவு நாளானது என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவருக்குத் தெரியும். மூடி உடைந்து கிடப்பதும் தெரியும். பம்பு வேலைக்காரன் கண்ணுக்கு அதெல்லாம் தப்பாது.

பழைய உபதேசியார் ஒருத்தர் சொல்லிக் கொடுத்த வழக்கம் அந்த வீட்டில் இருந்தது. தீர்த்தம் குறைந்தால் நல்ல தண்ணீர் சேர்த்து நிரப்பி வைக்கவேண்டும். சேர்கிற தண்ணீரும் தீர்த்தமாகிவிடும். அடியில் கொஞ்சம் இருக்கிற வரைக்கும் பாட்டில் வற்றாது. ராயம்மாளுக்குக் கண்ணில் புரை. குறுகின வாயில் ஊற்றினால் பாதி கீழே போகும். அதனால் ஊற்றுகிற வேலை அருள்சாமியுடையது. கேன் தண்ணீர் அடுப்பங்கரையில்தான் இருந்தது. அதைத் தொடமாட்டார். எந்தக் குட்டையில் மொண்டானோ. ஊரே குடிக்கிற தண்ணீர்தானே என்று தெருக்கோடிக்கு நடந்து இந்த டேங்குக் குழாயில் பிடிப்பார்.

பெலிக்ஸ் அந்தப் பாட்டிலைத் தன் ரூமுக்குக் கொண்டுபோன பிறகு அது சீக்கிரம் சீக்கிரமாகக் குறைந்தது. அருள்சாமி அதைக் கவனித்தார். யாரிடமும் சொல்லவில்லை. அவன் இல்லாதபோது உள்ளே போய் எடுத்துப் பார்ப்பார். பயல் ஜெபம் பண்ணுகிறான் போலிருக்கிறது, நெற்றியில் போட்டுக்கொள்கிறான், குடிக்கிறான் என்று நினைத்துக்கொள்வார். சத்தியத்தை மீறவில்லை போலிருக்கிறது. இந்தத் தடவை நிசந்தான் போலிருக்கிறது. சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போய்ப் பிடித்துவந்து, கிரீடத்தைத் திருகி, இருந்த இடத்திலேயே வைப்பார். குறையக் குறையப் பிடித்து வைத்தார்.

“பெரீப்பா” என்றான் வளவன். “நான் வந்து ஒருவாட்டி மொகத்தப் பாத்துட்டுப் போயிடட்டுமா?”

“வா” என்றார் அருள்சாமி. முன்னால் நடந்தார். இரண்டு அடி போய்த் திரும்பி நின்றார். “இந்தத் தண்ணி சமாச்சாரத்த யார்கிட்டயும் சொல்லாத. பெரீம்மாகிட்ட சொன்ன, கொன்னுடுவேன்.”

வளவன் தலையை ஆட்டினான்.

அவன் பிணத்தின் காலைத் தொட்டு அழுதபோது பொம்பளைகள் முணுமுணுத்தார்கள். ராயம்மாள்கூட முறைத்தாள். அருள்சாமி, “இருக்கட்டும், பாக்கட்டும்” என்றார். அவர் அப்படிச் சொன்னது லாரன்ஸுக்கு ஆச்சரியம்.

வெயில் தாழ சாமியார் வந்தார். ஜெபம் நடந்தது. பெட்டியை மூடுவதற்குமுன் பெற்றவர்கள் தெளிக்கவேண்டும் என்று ராயம்மாள் தழையை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தாள். அருள்சாமி அதைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். சாமியார் காத்திருந்தார். தெரு காத்திருந்தது. தழையைத் திரும்பக் கிண்ணத்தின் விளிம்பிலேயே வைத்துவிட்டு, மகனின் தலைமயிரைக் கையால் ஒதுக்கிவிட்டார். அவ்வளவுதான்.

“கெழவனுக்கு இப்பக்கூட மனசு எறங்கல பாரு” என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

கல்லறைக்குப் போய், குழியில் மண் தள்ளி, சிலுவை நட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். தாளிக்காத கஞ்சி வந்திருந்தது, மீனம்பாள் வீட்டிலிருந்து. யாரும் தொடவில்லை. கூடம் காலியாக, கழுவிவிட்ட ஈரத்தோடு இருந்தது. ரீட்டா தன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தாள். பஸ்ஸில் வரும்போதே அதற்கு உடம்பு சுட ஆரம்பித்திருந்தது. வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு, பாதித் தூக்கத்தில் சிணுங்கியது.

“எம்மா, அந்த மாதா தண்ணி மிச்சம் இருக்குதா? பாப்பாவுக்குக் கொஞ்சம் குடிக்கக் குடுக்கறேன். மீதிய நான் ஊருக்கு எடுத்துனு போறேன்.”

“எடுத்துனு போ. தம்பி ஞாபகமா வச்சிக்க” என்றாள் ராயம்மாள். பாட்டிலைத் தன் முந்தானையால் துடைத்தாள். “கடைசி வரைக்கும் அவன் தொட்டுத் தொட்டு வச்சிருந்தது. அவன் ரூமுல இதத் தவிர வேற இன்னா இருந்துச்சி?”

மூடியைத் திருகினாள். ஒரு மூடி நிறைய ஊற்றி ரீட்டாவிடம் நீட்டினாள். ரீட்டா குழந்தையின் தலையைச் சாய்த்தாள்.

அருள்சாமி எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. மூடியைத் தட்டிவிட்டார். ராயம்மாள் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினார். அவள் விடாமல் பிடித்தாள். இழுத்துப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். முருங்கை மரத்தடியில் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தார். அது குறுகின வாய். மடக் மடக் என்று நிறைய நேரம் கொட்டியது.

“யோவ்!” ராயம்மாள் கத்தினாள். கல்யாணமான இத்தனை வருசத்தில் அவரை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. “மனுசனாய்யா நீ? மாதா தண்ணியக் கீழ ஊத்தற. உருப்படுவியா?”

“இன்னா நைனா இது?” என்று ரீட்டா அழுதாள்.

லாரன்ஸ் ஓடிவந்தான். “சித்தப்பா, துக்கம்னாலும் ஒரு அளவு வேணாமா? சாமிமேல காட்டலாமா கோவத்த?”

அருள்சாமி பாட்டில் காலியாகும் வரைக்கும் அசையவில்லை. சொட்டு நின்றதும் அதைக் காலடியில் போட்டு மிதித்தார். பிளாஸ்டிக் நசுங்கியது.

“எனுக்கு நம்பிக்க இல்ல” என்றார். “போதுமா? இல்ல எனுக்கு.”

“உனுக்கு எப்ப இருந்துச்சி? எதுலதான் இருந்துச்சி?” ராயம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “உம் புள்ளய நம்புனியா நீ? ஆஸ்பத்திரியில சாவற புள்ளயப் பொய்யின்னு சொன்னியே. அவன் இன்னா சொன்னான்னு காதக் குடுத்துக் கேட்டியா? அவன் நம்பினான்யா. கடைசி வரைக்கும் நம்பினான்.”

“ஆமா” என்றார் அருள்சாமி. “அவன் நம்பினான்.”

அதற்குமேல் அவள் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று நின்றார். அவள் சொன்னாள். நாசமாகப் போவாய் என்றாள். உன் பிணத்துக்கு ஒரு சொட்டுத் தீர்த்தம் விழாது என்றாள். எதிர்வீட்டில் கதவோரம் வந்து நின்று பார்த்தார்கள். மீனம்பாள் வந்து அவள் தோளைப் பிடித்தாள். “வுடுக்கா. புள்ளயப் பறிகுடுத்த ஆத்திரம். அவருக்கு மட்டும் இல்லியா?”

ராயம்மாள் அவள் கையை உதறினாள். தட்டுத் தடுமாறி முருங்கை மரத்தடிக்கு வந்தாள். மண் தண்ணீரைப் பாதிக்குமேல் குடித்துவிட்டிருந்தது. உட்கார்ந்தாள். உள்ளங்கையை ஈரத்தில் அழுத்தி எடுத்து நெற்றியில் சிலுவை போட்டாள், நெஞ்சில் போட்டாள். மறுபடியும் அழுத்தினாள்.

“ரீட்டா, கொண்டா புள்ளய.”

ரீட்டா குனிந்தாள். ராயம்மாள் சேறு ஒட்டின கட்டைவிரலால் குழந்தையின் நெற்றியில் அழுத்தி ஒரு சிலுவை வரைந்தாள். மண் ஜில்லென்று பட்டதோ என்னவோ, குழந்தை சிணுங்கலை நிறுத்திக் கண்ணைத் திறந்து பார்த்தது. ஒரு துளி வழிந்து புருவத்துக்கு வந்து நின்றது.

அருள்சாமி தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார். ஒரு அடி வைத்தார். ராயம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

துண்டை உதறி, திரும்பத் தோளிலேயே போட்டுக்கொண்டார்.